ஐந்து அடியில் ஒன்று தவறும்: போக்கிமோன் ஏமாற்றுகிறதா?

சென்ற வாரம் சூலியா தெருவில், நாகூர் தர்காவைத் தாண்டி ஒரு கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் என் மூன்றாம் படிவ மாணவர்கள் மூவர் ஒரே திரைமேல் குனிந்திருந்தார்கள். திடீரென ஒருவன் மேசையைத் தட்டினான்.

"சார், இந்த கேம் ஏமாத்துது! எண்பது விழுக்காடு படும்னு போட்டிருக்கு. ரெண்டு தடவ அடிச்சேன், ரெண்டும் படல!"

"அது சின்னப் பிள்ளைங்க கேம்டா," என்றான் இன்னொருவன்.

அவர்கள் ஆடியது போக்கிமோன். 1996இல் ஜப்பானில் வெளிவந்தது. பாத்திரம் ஏற்று ஆடும் விளையாட்டுகளில் இது எளிமையானது. பக்கம் பக்கமாக விதிகள் படிக்க வேண்டாம். நீர் நெருப்பை வெல்லும், நெருப்பு புல்லை வெல்லும், புல் நீரை வெல்லும். பள்ளித் திடலில் 'ஒன் டூ சோம்' போடுவீர்களே, பறவை நீரைக் குடிக்கும், நீர் கல்லை மூழ்கடிக்கும், கல் பறவையை அடிக்கும் என்று, அதே சுற்றுதான். எளிமையாக இருப்பதால் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அதற்குள் இருக்கும் கணக்கு இரண்டாம் படிவத்தில் 'கெபாராங்காலியான்' என்று நீங்கள் படித்த நிகழ்தகவு.

மாணவன் அடித்த அடியின் பெயர் ஹைட்ரோ பம்ப். 100க்கு 80 முறை படும். அதாவது ஐந்தில் ஒரு முறை தவறும். தொடர்ந்து இரண்டு முறை தவறும் வாய்ப்பு 1/5 × 1/5 = 1/25. நூற்றுக்கு நான்கு. நாள்தோறும் ஆடுகிறவனுக்கு இது அடிக்கடி நடக்கும். பட்ட அடிகளை நாம் மறந்துவிடுகிறோம், படாதவை மட்டும் மனத்தில் நிற்கின்றன.

"அப்போ மூணாவது கண்டிப்பா படும்தானே, சார்?"

இல்லை. மூன்றாவது அடிக்கும் அதே 80தான். முன்பு தவறியதை விளையாட்டு நினைவில் வைத்துக்கொண்டு ஈடுசெய்வதில்லை. நம் ஊரில் நாலு நம்பர் வாங்கும் பெரியவர்கள் சிலர், "இந்த எண் ரொம்ப நாளா விழல, இந்த வாரம் விழும்" என்று பணம் கட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். தவறு ஒன்றுதான். விளையாட்டில் ஓர் ஆட்டம் போகும். அங்கே வீட்டுச் செலவுப் பணம் போகும்.

ஆனால் "ஏமாத்துது" என்ற புகார் முழுக்கப் பொய்யும் அல்ல. முதல் போக்கிமோன் ஓடிய கேம் பாய் கருவியில், ஓர் அடி படுமா என்பதை ஒரே ஒரு பைட் முடிவுசெய்தது. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை 256 எண்கள். நூறு விழுக்காடு படும் அடிக்கு 255 என்று குறித்திருந்தார்கள். கருவி ஓர் எண்ணை எடுக்கும். அது 255ஐவிடக் குறைவாக இருந்தால் அடி படும். எடுத்த எண் 255ஆகவே இருந்தால்? 255ஐவிட 255 குறைவல்ல. அடி தவறிவிடும்! "தவறவே தவறாது" என்ற அடி 256இல் ஒரு முறை தவறியது. 'குறைவு' என்பதற்கும் 'குறைவு அல்லது சமம்' என்பதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். அடுத்த தலைமுறை விளையாட்டில் இதைத் திருத்திவிட்டார்கள்.

அப்படியானால் எந்த அடி நல்லது? இப்போதைய பதிப்புகளில் ஹைட்ரோ பம்பின் வலிமை 110, படும் வாய்ப்பு 80%. சர்ஃப் என்ற அடியின் வலிமை 90, படும் வாய்ப்பு 100%. பெருக்கிப் பாருங்கள்: 110 × 0.8 = 88; 90 × 1 = 90. நெடுநேரம் ஆடினால் சர்ஃப் மயிரிழையில் முந்துகிறது. ஆனால் எதிரியை ஒரே அடியில் வீழ்த்தியாக வேண்டும், 90 போதாது என்ற நிலையில் ஹைட்ரோ பம்பைத்தான் நம்பவேண்டும். சராசரி எல்லா நேரத்துக்கும் விடை சொல்லாது.

வீட்டில் சோதிக்கலாம். ஐந்து காகிதத் துண்டுகளில் நான்கில் 'பட்டது', ஒன்றில் 'தவறியது' என்று எழுதி மடித்துப் போடுங்கள். ஒன்றை எடுத்துக் குறித்துக்கொண்டு, மீண்டும் உள்ளே போட்டுக் குலுக்குங்கள். ஐம்பது முறை எடுங்கள். 'தவறியது' அடுத்தடுத்து வரும் இடங்களை வட்டமிடுங்கள்.

மேசையைத் தட்டியவனும் இதைச் செய்து தாளைக் கொண்டுவந்தான். மூன்று தவறுகள் தொடர்ந்து வந்த இடத்தில் பெரிய வட்டம். "இனிமே சர்ஃப்தானே?" என்றேன்.

"இல்ல சார், ஹைட்ரோ பம்ப்தான். அடிச்சா பாக்க நல்லாருக்கும்."