முதுமையில் நெருக்கம்: பராமரிப்போர் அறிய வேண்டியவை

பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட முதியவருக்கு எவ்வாறு உணவூட்டுவது, படுக்கைப்புண் வராமல் எவ்வாறு புரட்டிப் படுக்க வைப்பது என்றெல்லாம் செவிலியர்களும் வீட்டுப் பராமரிப்பாளர்களும் பயிற்சி பெறுகின்றனர். அதே முதியவர் தம் மனைவியின் அருகில் உறங்க விரும்பினால் என்ன செய்வது என்பதைப் பெரும்பாலும் யாரும் கற்றுத் தருவதில்லை. எனவே சிலர் சிரிக்கின்றனர், சிலர் கடிந்துகொள்கின்றனர், சிலர் மகனையோ மருமகளையோ அழைத்துச் சொல்கின்றனர். இவற்றுள் எது நிகழ்ந்தாலும், அம்முதியவர் அதைப் பற்றி மறுபடி வாய் திறப்பது அரிது.

வயது ஏறினால் இவ்வுணர்வு தானாக அற்றுப்போகும் என்பது பரவலான எண்ணம், அது சரியன்று. அமெரிக்காவில் 57 முதல் 85 வயது வரையிலான 3,005 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2007இல் வெளியானது. அதன்படி 57–64 வயதினரில் 73 விழுக்காட்டினரும், 65–74 வயதினரில் 53 விழுக்காட்டினரும், 75–85 வயதினரில் 26 விழுக்காட்டினரும் பாலுறவு வாழ்வைத் தொடர்ந்தனர். ஆனால் 50 வயதுக்குப் பின் இதுகுறித்து மருத்துவரிடம் பேசியவர்கள் ஆண்களில் 38, பெண்களில் 22 விழுக்காட்டினர் மட்டுமே. அந்த எண்களை நம் நாட்டுக்கு அப்படியே பொருத்த இயலாது. எனினும் உணர்வு இருந்தும் பேச்சு எழாத நிலையை நம் புறநோயாளர் பிரிவிலும் காண்கிறோம்.

பிரித்து வைக்கும் முன்

நெருக்கம் என்பது உடலுறவு மட்டுமன்று. தலை வாரிவிடுவது, கால் பிடித்துவிடுவது, இரவில் பேசிக்கொண்டே உறங்குவது ஆகியவையும் நெருக்கமே. சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது தந்தையை ஒரு பிள்ளையும் தாயை மற்றொரு பிள்ளையும் அழைத்துச் செல்வதுண்டு. பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் நல்லெண்ணமே அதற்குக் காரணம். ஆயினும் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த இருவரை அம்முடிவு பிரித்துவிடுகிறது. அதன்பின் வரும் பசியின்மைக்கும் உறக்கமின்மைக்கும் மாத்திரை மட்டும் போதுவதில்லை. முடிவெடுக்கும் முன் இருவரையும் தனித்தனியே கேளுங்கள். தனியே இருக்க விரும்புவதாக ஒருவர் கூறினால், அதையும் அவ்வாறே மதியுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

நீரிழிவு, சில இரத்த அழுத்த மாத்திரைகள், மனச்சோர்வு மருந்துகள் ஆகியவை பாலுணர்வையோ செயல்திறனையோ குறைக்கக்கூடும். இதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. மருத்துவரிடம் சொன்னால் மாற்று மருந்து உண்டா என்று பார்க்கலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஏற்படும் வறட்சியும் வலியும் களிம்புகளால் குறையக்கூடியவை. மாரடைப்பிலிருந்து மீண்டவர், மூச்சிரைப்போ நெஞ்சுவலியோ இன்றி இரண்டு மாடிப் படிகள் ஏற முடிந்தால், உடலுறவையும் இதயம் பொதுவாகத் தாங்கும். எனினும் இதய மருத்துவரின் ஒப்புதல் தேவை. நெஞ்சுவலிக்குச் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் சில்டெனாபில் மாத்திரையை எடுக்கவே கூடாது. இரத்த அழுத்தம் சட்டென்று சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

மறதிநோய் இருந்தால்

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் உள்ளவர் பலர் முன்னிலையில் ஆடையைக் களைந்தால், உடனே அதைக் காமம் என்று கருதிவிடக் கூடாது. சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கலாம். அரிப்போ புழுக்கமோ இருக்கலாம். நடத்தை திடீரென்று மாறினால் நோய்த்தொற்று உள்ளதா என்று சோதிக்க வேண்டும். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் மறதிநோயும், பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகளும் கட்டுப்பாட்டைத் தளர்த்தக்கூடும். எனவே "இந்த வயதில் இப்படியா?" என்று கேட்பதைவிட, "இது எப்போது தொடங்கியது?" என்று கேட்பதே பயன் தரும்.

இத்தகையோரின் சம்மதத்தையும் கவனித்தறிய வேண்டும். அருகில் வருபவர் யாரென்று அவருக்குத் தெரிகிறதா, முகம் மலர்கிறதா, உடல் பின்வாங்குகிறதா என்று பாருங்கள். அச்சமோ மறுப்போ தென்பட்டால், எதிரில் இருப்பவர் வாழ்க்கைத்துணையே ஆனாலும் தடுக்க வேண்டும்.

பராமரிப்பாளரின் கடமையும் பாதுகாப்பும்

நியூயார்க்கின் ரிவர்டேல் பகுதியிலுள்ள ஹீப்ரூ ஹோம் என்னும் முதியோர் இல்லம், அங்கு வாழ்வோரின் நெருக்க உரிமையை ஏற்று 1995இலேயே எழுத்து வடிவில் கொள்கை வகுத்தது. நம் வீடுகளில் அத்தகைய ஆவணம் தேவையில்லை. சில பழக்கங்கள் போதும். கதவைத் தட்டி, பதில் வந்தபின் உள்ளே செல்லுங்கள். குளிப்பாட்டும்போது தேவையான பகுதியை மட்டும் திறந்து, மற்றவற்றைத் துணியால் மூடுங்கள். கண்டதையும் கேட்டதையும் பிறரிடம் வேடிக்கையாகப் பேசாதீர்கள்.

பராமரிப்பாளருக்கும் மானம் உண்டு. முதியவர் தகாத முறையில் தொட்டால், கையை மெதுவாக விலக்கி, "ஐயா, நான் உங்கள் நர்ஸ், இது வேண்டாம்" என்று அமைதியாகவும் உறுதியாகவும் சொல்லலாம். நிகழ்ந்ததைப் பொறுப்பாளரிடமோ மருத்துவரிடமோ தெரிவிக்க வேண்டும். குடும்பத்தார் அதை மறைக்கவோ, பராமரிப்பாளர்மீது பழி போடவோ கூடாது. நோயால் நேர்ந்தது என்பது காரணத்தை விளக்குமே தவிர, அவர் அதைச் சகித்தாக வேண்டும் என்று பொருளாகாது.

அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது, கூச்சம் இருந்தால் கேள்வியை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தனியாகப் பேச வேண்டும் என்றும் கேட்கலாம். பெற்றோருடன் வரும் பிள்ளைகள் சில நிமிடங்கள் அறைக்கு வெளியே காத்திருப்பதும் அவர்களுக்குச் செய்யும் பேருதவியே.