பதினோராம் வகுப்புக் கணக்கு: வீடும் வகுப்பும் செய்யும் உடன்படிக்கை

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் நம் இல்லங்களில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்கிறது. எந்தப் பள்ளி, எந்தப் பிரிவு, எவ்வளவு செலவு என்று இரவெல்லாம் பேசுகிறோம். கணிதம் அடங்கிய பிரிவில் இடம் கிடைத்துவிட்டால், பிள்ளை கரையேறிவிட்டான் என்று மகிழ்கிறோம். ஆனால், அந்த வகுப்பு பிள்ளையிடம் எதை எதிர்பார்க்கிறது? அதன் ஒழுங்குமுறைகள் யாவை? அவற்றில் வீட்டின் பங்கு என்ன? இவற்றைக் கேட்டு அறிந்துகொள்ளும் பெற்றோர் நம்மில் எத்தனை பேர்?

செஞ்சியைச் சுற்றியுள்ள சிற்றூர்களை எண்ணியே இதனை எழுதுகிறோம். தொண்டூரை எடுத்துக்கொள்வோம். பாறையில் சமண முனிவர்களின் கற்படுக்கைகளையும், தமிழ் பிராமிக் கல்வெட்டையும் உடைய ஊர் அது. எழுத்தறிவுக்கு அத்துணைப் பழைய சான்று கொண்ட இம்மண்ணின் பிள்ளைகள், நெல்லும் மணிலாவும் விளையும் வயல்களிலிருந்து மேல்நிலை வகுப்புக்கு வருகின்றனர். அவர்களுள் பலருக்கு, வீட்டில் அந்தக் கணக்கைச் சொல்லித்தர எவரும் இலர். ஆதலின் வகுப்பறையின் ஒழுங்கே அவர்களுக்குள்ள ஒரே துணையாகிறது.

பாடத்தின் இயல்பு

2018ஆம் ஆண்டு வெளிவந்த பதினோராம் வகுப்புக் கணிதப் பாடநூல் இரண்டு தொகுதிகளும் பன்னிரண்டு பாடங்களும் கொண்டது. கணங்கள், தொடர்புகள், சார்புகள் என்று அது தொடங்குகிறது. இயற்கணிதம், முக்கோணவியல், ஈருறுப்புத் தேற்றம், பகுமுறை வடிவியல், அணிகள், வெக்டர் என்று வளர்கிறது. பின்னர் எல்லை, தொடர்ச்சி, வகையீடு, தொகையீடு என்னும் நுண்கணிதத்தின் வாயிலைத் திறந்து, நிகழ்தகவில் முடிகிறது. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதமும் பொறியியல் முதலாண்டுக் கணிதமும் இதன் மீதே எழுப்பப்படுகின்றன. சார்பு என்றால் என்ன என்று விளங்காத பிள்ளைக்கு எல்லை விளங்காது. எல்லை விளங்காதவனுக்கு வகையீடு வெறும் மனப்பாடச் சூத்திரமாகவே நிற்கும்.

பரங்கிமலை இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1802ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் என்பவர் இந்திய நாட்டை முக்கோணங்களால் அளக்கும் பெரும்பணியை அங்கேதான் தொடங்கினார். முதலில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் ஆதாரக் கோட்டைச் சங்கிலி கொண்டு அளந்தார். அதற்கு 57 நாள்கள் செலவாயின. அக்கோட்டிலிருந்தே முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அளவை விரிந்து சென்றது. அக்கோட்டில் பிழை நேர்ந்திருந்தால், பின்னர் வந்த முக்கோணங்கள் அனைத்தும் அப்பிழையைச் சுமந்திருக்கும். பதினோராம் வகுப்பு நம் பிள்ளைகளுக்கு அத்தகைய ஆதாரக் கோடாகும்.

புறக்கணிக்கப்பட்ட ஆண்டு

இத்தகைய ஆண்டை நம் நாட்டில் நெடுங்காலம் பலர் ஒரு பொருட்டாகக் கருதவில்லை. 1978இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டதிலிருந்து பொதுத்தேர்வு இரண்டாம் ஆண்டின் இறுதியில்தான் இருந்தது. கல்லூரி இடமும் அம்மதிப்பெண்ணையே பார்த்தது. ஆகவே, தனியார் பள்ளிகள் பல முதலாண்டுப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பு நூலையே ஈராண்டும் நடத்தின. இதனைத் தடுக்கும் நோக்கத்துடன் அரசு 2017இல் ஆணை பிறப்பித்தது. 2018 மார்ச்சில் பதினோராம் வகுப்புக்கு முதன்முறையாகப் பொதுத்தேர்வு நடைபெற்றது. மாணவரின் மனச்சுமையைக் குறைக்க வேண்டும் என்ற கருத்தின் பேரில், 2025–26ஆம் கல்வியாண்டு முதல் அத்தேர்வு நீக்கப்பட்டுள்ளது.

சுமை குறைந்தது நன்றே. ஆயினும், வெளியிலிருந்த காவல் நீங்கிவிட்டதால், உள்ளிருக்கும் காவல் வலுப்பெற வேண்டும். வகுப்பின் ஒழுங்குமுறைகளே அந்தக் காவல். அவற்றுள் தலையாயவற்றை இங்கே ஆராய்வோம்.

வருகை

வரலாற்றுப் பாடத்தில் ஒருநாள் தவறினால் நூலைப் படித்து ஓரளவு ஈடுசெய்யலாம். கணக்கில் ஒருநாள் தவறினால், மறுநாள் பாடமும் விளங்காமல் போகிறது. அறுவடைக்கு ஆள் குறைவென்றோ, உறவினர் வீட்டுத் திருமணமென்றோ இரண்டு நாள் பிள்ளையை நிறுத்திவைக்கும் பெற்றோர் இதனை உணர்வதில்லை. வறுமையால் நேரும் தடையை நாம் குறைகூறவில்லை. தவிர்க்க முடியாத நாளாயின், அன்று நடந்த பாடத்தைத் தோழனிடமிருந்து எழுதி வாங்குவதும், மறுநாள் ஆசிரியரிடம் விளக்கம் கேட்பதும் விதியாக இருத்தல் வேண்டும்.

வீட்டுப்பாடமும் வழிமுறையும்

கணித ஆசிரியர் விடையை மட்டும் திருத்துவதில்லை. விடைக்குச் சென்ற வழியையே திருத்துகிறார். பொதுத்தேர்விலும் ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் உண்டு. இறுதி விடை பிழையானாலும் நேரிய படிகளுக்கு உரியது கிடைக்கும். ஆகவே, ஒவ்வொரு படியையும் ஒவ்வொரு வரியில் எழுதுவதும், பிழையான வரியை அழிக்காமல் ஒரு கோடிட்டு அடிப்பதும் நல்ல வழக்கங்கள். அடிபட்ட வரியே ஆசிரியருக்குப் பிள்ளையின் மனத்தைக் காட்டும் கண்ணாடி.

ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். இரண்டு கோணங்களின் கூடுதலுக்குச் சைன் காணச் சொன்னால், ஒவ்வொன்றின் சைனையும் கண்டு கூட்டிவிடும் பிள்ளைகள் உண்டு. 30 பாகையுடன் 30 பாகையைச் சேர்த்தால் 60 பாகை. அதன் சைன் மதிப்பு ஏறத்தாழ 0.866. ஆனால் 30 பாகையின் சைன் 0.5, இரண்டைக் கூட்டினால் 1 வருகிறது! இப்படித் தானே சோதித்துப் பார்த்த பிள்ளை அப்பிழையை மீண்டும் செய்யமாட்டான். விடைக் கையேட்டைப் பார்த்து எழுதியவனுக்கோ அப்பிழை தன்னிடம் இருப்பதே தெரியாது. இன்று கைப்பேசியில் கணக்கைப் படம்பிடித்தால் விடை படிப்படியாக வந்துவிடுகிறது. அதனைத் தன் விடையைச் சரிபார்க்கப் பயன்படுத்துவது அறிவு. முயலுமுன்பே பார்த்து எழுதுவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது. முதலில் கால் மணி நேரமேனும் தானே முயல வேண்டும் என்பதை வீட்டின் விதியாக்கலாம்.

ஆசிரியரின் கடமை

உடன்படிக்கை ஒருபக்கமாக இருத்தல் ஆகாது. மாணவனிடம் ஒழுங்கை எதிர்பார்க்கும் ஆசிரியர், தேர்வு நாள், பாடப்பகுதி, மதிப்பெண் வழங்கும் முறை ஆகியவற்றை முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். திருத்திய தாள்களை விரைந்து திருப்பித் தருதலும், பின்தங்கியவருக்கு மறுவாய்ப்பு அளித்தலும் நீதியாகும். கேள்வி கேட்ட பிள்ளையை, "இதுகூடத் தெரியாதா?" என்று ஒருமுறை நகைத்துவிட்டால், அவ்வகுப்பில் மறுமுறை கேள்வி எழுவது அரிது. அதிலும் பெண்பிள்ளைகள் மௌனமாகிவிடுகின்றனர்.

பாடம் ஊரோடு ஒட்டியிருப்பின் ஆர்வம் பிறக்கும். ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள ராஜகிரிக் கோட்டையை நாள்தோறும் கண்ணால் காணும் பிள்ளைகளிடம் ஒரு கணக்கைக் கொடுக்கலாம்: சமதளத்தில் நின்று பார்க்கையில் உச்சி 30 பாகை ஏற்றக் கோணத்தில் தெரிகிறது; எத்தனை அடி நெருங்கினால் அது 45 பாகையாகும்? விடை ஏறத்தாழ 586 அடி. எந்தையும் தாயும் பார்த்த மலையை முக்கோணவியல் அளந்து தருகிறது என்று காணும் பிள்ளைக்குச் சூத்திரம் அந்நியமாக இராது.

பெற்றோர் செய்யக்கூடியது

"நாங்கள் படிக்கவில்லையே, கணக்கை எப்படிப் பார்ப்பது?" என்று பெற்றோர் தயங்குகின்றனர். கணக்கு அறியாத தாயும் குறிப்பேட்டைத் திறந்து பார்க்கலாம். இன்றைய தேதி எழுதப்பட்டிருக்கிறதா, ஆசிரியரின் சிவப்பு மை தென்படுகிறதா, அடிபட்ட வரிகள் உள்ளனவா என்று காண எழுத்தறிவுகூட மிகுதியாக வேண்டியதில்லை. "இன்று ஆசிரியரிடம் என்ன கேட்டாய்?" என்னும் ஒரு கேள்வி, "எத்தனை மதிப்பெண்?" என்னும் கேள்வியைவிடப் பயன் மிக்கது. பத்தாம் வகுப்பில் தொண்ணூறு பெற்றவன் இங்கே முதல் தேர்வில் நாற்பது பெற்றால், அடிப்பதும் ஏசுவதும் வேண்டாம். பாடத்தின் உயரம் மாறியிருக்கிறது. பிள்ளையின் அறிவு குறைந்துவிடவில்லை.

அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பயின்ற மாணவருக்குப் பொறியியல் முதலிய தொழிற்கல்விகளில் 7.5 விழுக்காடு இடங்களை 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியுள்ளது. சிற்றூர்ப் பிள்ளைக்குக் கதவு திறந்திருக்கிறது. ஆனால், உள்ளே சென்றபின் முதலாண்டுக் கணிதம் அவனை எதிர்கொள்ளும்போது, சலுகை துணை வராது. பதினோராம் வகுப்பில் தானே போட்ட கணக்குகளே துணை வரும்.

ஆகவே, அன்பான பெற்றோரே, பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே கணித ஆசிரியரைச் சந்தியுங்கள். வகுப்பின் விதிகளைக் கேட்டறிந்து, ஒரு தாளில் எழுதி, பிள்ளை படிக்கும் இடத்தில் ஒட்டுங்கள். பொதுத்தேர்வு இல்லாத இந்த ஆண்டு, ஓய்வாண்டு ஆகாமல் காக்கும் பொறுப்பு இனி நம்முடையது.