முளைப் பாலிகையும் வர்ண முட்டையும்

வசந்த காலம் சென்னைப் பட்டணத்துக்கு வருகிறதா இல்லையா என்பதில் வெகுவாக அபிப்பிராய பேதம் உண்டு. மாசியில் பனி ஓய்கிறது. பங்குனி பிறந்ததும் வெயில் மண்டையைப் பிளக்கிறது. நடுவே வசந்தம் எந்தச் சந்தில் புகுந்து எந்தச் சந்து வழியாகப் போயிற்று என்று ஜனங்கள் கேட்பது நியாயமே. ஆனால் மயிலாப்பூர்வாசிகளுக்கு மட்டும் இந்தச் சந்தேகம் கிடையாது. வேப்ப மரம் பூத்து, மாவடுக் கூடைகள் மாட வீதியில் வந்து இறங்கி, கபாலீசுவரர் கோயிலில் ரிஷபக் கொடியும் ஏறிவிட்டால், வசந்தம் வந்தாயிற்று என்பது அவர்கள் சித்தாந்தம்.

மேல்நாட்டிலும் ஏறக்குறைய இதே நாட்களில் ஒரு வசந்த விழா நடக்கிறது. 'விக்கா' என்னும் சமயத்தினர் மார்ச்சு மாதம் 20 அல்லது 21ஆம் தேதி வாக்கில், பகலும் இரவும் சரிசமமாக நிற்கும் நாளில், 'ஆஸ்டாரா' என்று அதைக் கொண்டாடுகிறார்கள். பூஜைப் பீடத்தில் வர்ணம் தீட்டிய முட்டைகளை அடுக்குகிறார்கள். முயல் பொம்மை ஒன்று வைக்கிறார்கள். விதைகளை ஆசீர்வதித்து மண்ணில் ஊன்றுகிறார்கள். முட்டை, ஓட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் உயிருக்கு அடையாளம். முயல், வம்ச விருத்திக்கு. விதையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த விழா எவ்வளவு புராதனமானது? ஆங்கில நாட்டுத் துறவி பீட் என்பவர் 725ஆம் ஆண்டில் எழுதிய காலக் கணித நூலில், ஈயோஸ்டர் என்ற தேவதையின் பெயரால் தம் முன்னோர் ஒரு மாதத்தை அழைத்து வந்ததாக இரண்டொரு வரி எழுதி வைத்தார். கோயில், பூஜை, முட்டை, முயல் ஒன்றையும் அவர் பிரஸ்தாபிக்கவில்லை. ஆயிரத்து நூறு வருஷம் கழித்து, 1835இல், ஜெர்மானியப் பண்டிதர் யாக்கோபு கிரிம் அந்த இரண்டொரு வரியை ஆதாரமாகக் கொண்டு 'ஆஸ்டாரா' என்ற ஜெர்மானியத் தேவதை ஒருத்தி இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். அந்தப் பெயரை 1974இல் எடுத்து விழாவுக்குச் சூட்டியவர் எய்டன் கெல்லி என்னும் அமெரிக்கர்.

விக்கா சமயத்துக்கே வயது அதிகமில்லை. அதைப் பிரசித்தப்படுத்திய ஜெரால்டு கார்ட்னர், மலாய் நாட்டில் சுங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஆங்கிலேயர். பில்லிசூனியத்துக்கு எதிரான பழைய சட்டம் இங்கிலாந்தில் 1951இல் ரத்தான பிறகுதான், 1954இல், அவர் தம் புத்தகத்தைத் துணிந்து வெளியிட்டார். மலாய்க்குப் போகுமுன், இளமையில் அவர் வேலை பார்த்தது இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில். அந்த மலைகளில்தான் நம் தமிழ்த் தொழிலாளர் மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடுகிறார்கள். மன்மதனைச் சிவபெருமான் எரித்ததையும், ரதி அழுது அவனைத் திரும்பப் பெற்றதையும் நடித்துக் காட்டுகிறார்கள். தஞ்சைச் சீமையில் இதே கதையை வைத்து 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' என்று இரண்டு பிரிவாகி விடிய விடிய லாவணி பாடுவார்கள். ஆஸ்டாரா இருந்தாளா இல்லையா என்று மேல்நாட்டுப் பண்டிதர்கள் நடத்தும் வாதத்தையும் ஒரு டேப்புக் கட்டை வைத்துக்கொண்டு பாடினால் கேட்க இன்னும் ருசிகரமாக இருக்கும்!

அடையாற்றுக்கும் இதில் ஒரு தூரத்து உறவு இருக்கிறது. இங்கிலாந்து திரும்பிய கார்ட்னர், கிரைஸ்ட்சர்ச்சு என்ற ஊருக்கருகே ஒரு ரகசிய ஞானக் குழுவோடு பழகினார். அக்குழுவின் முக்கியஸ்தர்களில் ஒருவர் மேபல் பெஸண்ட் ஸ்காட். அடையாற்றுப் பிரம்மஞான சபைக்கு 1907 முதல் 1933 வரை தலைமை வகித்து, 1917இல் காங்கிரஸ் மகாசபைக்கும் தலைமை வகித்த அன்னி பெஸண்ட் அம்மையாரின் புதல்வி.

பெயருக்கு வயது ஐம்பதைச் சொச்சந்தானே என்று நாம் கேலி செய்துவிடலாம். அதற்கு முன் நம் வீட்டுப் பஞ்சாங்கத்தைச் சற்றுப் புரட்டுவது நலம். சித்திரை முதல் தேதியை 'விஷு புண்ணிய காலம்' என்கிறோம். விஷு என்றால் சமம். பகலும் இரவும் சமமாகும் வேளை என்று பொருள். ஆனால் உண்மையில் அவை சமமாவது பங்குனி 7ஆம் தேதி வாக்கில்! நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடும் நம் ஆண்டு, பருவங்களை விட்டு ஏறக்குறைய எழுபத்திரண்டு வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் நகர்ந்துகொண்டே போகிறது. சித்திரைப் பிறப்பும் சம இரவும் சேர்ந்திருந்தது சுமார் ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன். இதைச் சீர்படுத்தவே மேகநாத சாஹா தலைமையில் 1952இல் ஒரு குழுவை அரசாங்கம் நியமித்தது. அதன் யோசனைப்படி 1957ஆம் ஆண்டு மார்ச்சு 22 முதல் தேசீயப் பஞ்சாங்கம் ஒன்று அமுலுக்கு வந்து, இன்றும் சர்க்கார் கெஜட்டில் அச்சாகி வருகிறது. அதைப் பார்த்து மாங்காய்ப் பச்சடி கிளறிய குடும்பம் ஒன்றையாவது யாரும் கண்டதில்லை. இப்படியே விட்டுவிட்டால் இன்னும் இரண்டாயிரம் வருஷத்தில் 'விஷு'க் கனியை மே மாதத்து அக்கினி வெயிலில் காண நேரும். வேப்பம்பூ அதுவரை காத்திருக்குமா என்பதைப் பஞ்சாங்கக்காரர்கள் யோசிக்க வேண்டும்.

முட்டைக்கும் விதைக்கும் ஈடாக நம்மிடம் என்ன இருக்கிறது? கொடியேற்றத்துக்கு முன் ஆலயத்தில் நடக்கும் அங்குரார்ப்பணத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பூமி பூஜை செய்து மண் எடுத்து வருகிறார்கள். மண் பாலிகைகளில் அதை நிரப்பி, ஊற வைத்த நவதானியத்தைத் தெளித்து, பால் கலந்த நீர் விடுகிறார்கள். இது இரவில் நடக்க வேண்டிய சடங்கு. பயிர் பச்சைகளுக்கு அதிபதி சந்திரனல்லவா? முளை வெளுப்பாக, நேராகக் கிளம்பினால் சுபம். கறுத்தோ கோணியோ வந்தால் குறை என்று ஆகமம் பேசுகிறது. தியாகராய நகர்க் கல்யாண மண்டபங்களில் சுமங்கலிகள் வரிசையாக வந்து பாலிகை தெளிப்பதும் இதே கிரியைதான். அங்கே முளை வரும்வரை காத்திருக்க யாருக்கும் அவகாசமில்லை. மறுநாள் மத்தியானம் மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும். பாலிகைக் கிண்ணங்கள் மூலையில் கிடக்கும். விதை தெளித்துவிட்டு முளையைப் பாராமல் போவது என்ன சம்பிரதாயமோ, தெரியவில்லை. தென் பாண்டி நாட்டுக் கிராமப் பெண்கள் முளைப்பாரியை நாள் கணக்கில் பொத்தி வளர்த்து, தலையில் சுமந்து போய் நீரில் விடுகிறார்களே, அவர்களுக்கு இந்த விஷயம் நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஆனால் மயிலையின் பெரிய வசந்த அடையாளம் பாலிகை அல்ல, ஒரு குடம்.

சிவநேசர் என்ற வணிகரின் ஒரே மகள் பூம்பாவை. நந்தவனத்தில் பூப்பறிக்கப் போன சிறுமியை அரவம் தீண்டிற்று. வைத்தியம், மந்திரம் எதுவும் பலிக்கவில்லை. தகனத்துக்குப் பின் அந்தத் தகப்பனார் சாம்பலையும் எலும்பையும் கடலில் கரைக்கவில்லை. ஒரு குடத்திலிட்டு, கன்னிமாடத்திலேயே வைத்துப் பட்டும் பூவும் சாத்திப் பாதுகாத்து வந்தார். திருஞான சம்பந்தர் மயிலைக்கு வந்தபோது குடம் மதிற்புறத்துக்கு வந்தது.

ஏழாம் நூற்றாண்டில் அவர் பாடிய அந்தப் பதிகத்தை மீண்டும் ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். மரணத்தைப் பற்றியோ, ஆத்மா அழியாதது என்றோ அதில் விசாரமில்லை. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மயிலையின் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதைக் காணாமலா போய்விடுவாய் என்று குழந்தையைக் கேட்கிறார். உயிருக்கு அவர் காட்டும் நியாயமெல்லாம் ஊர்த் திருவிழாதான்! குடம் உடைந்தது; பெண் எழுந்தாள். சிவநேசர் அவளை அவருக்கே மணம் செய்து கொடுக்க விரும்பினார். உயிர் கொடுத்தவன் தகப்பன் முறையாவான் என்று சம்பந்தர் மறுத்துவிட்டார். பூம்பாவை மணமின்றியே வாழ்ந்தாள். புராணம் இதைப் பெருமையாகவே சொல்கிறது. அவளை யாரேனும் ஒரு வார்த்தை கேட்டார்களா என்று இக்காலத்துப் பெண்மணிகள் வினவினால், பதில் சொல்வது நமக்குச் சற்றுக் கஷ்டந்தான்.

சம்பந்தர் பாடிய கடற்கரைக் கபாலீசுவரம் இன்று இல்லை. அதன் கல்வெட்டுத் துண்டுகள் சாந்தோம் பக்கத்தில் கிடைத்தன. இப்போதுள்ள கோயில் பிற்காலத்தில் எழுந்தது. அதே சாந்தோமில் கிறிஸ்தவர்கள் உயிர்த்தெழுந்த ஞாயிறு கொண்டாடுகிறார்கள். மார்ச்சு 21ஐ ஒட்டி வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்பது அதற்குக் கணக்கு. ஆகவே பல ஆண்டுகளில் பங்குனி உத்திரத்துக்கு அருகிலேயே அது வந்துவிடுகிறது. 2024இல் உத்திரம் மார்ச்சு 25, உயிர்த்த ஞாயிறு மார்ச்சு 31. ஆங்கிலத்தில் அந்த ஞாயிறுக்கு வழங்கும் பெயர், பீட் துறவி குறித்து வைத்த ஈயோஸ்டருடையது.

பங்குனிப் பெருவிழாவில் மூன்றாம் நாள் அதிகார நந்தி, ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்து மூவர். பிற்பகலில் நாயன்மார் பவனிக்குக் கூடும் ஜன சமுத்திரத்தைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. அன்று காலையிலோ கூட்டம் குறைவு. சம்பந்தர் திருமேனி குளக்கரைக்கு எழுந்தருள, குடம் வைத்துப் பதிகம் ஓதி, பூம்பாவையை எழுப்பும் வைபவம் அப்போது நடைபெறுகிறது. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் அந்த வேளையில் போனால், பக்கத்தில் நின்று ஒவ்வொரு பாட்டையும் காதாரக் கேட்கலாம்.