தொங்கும் தொட்டிகளும் தேங்கும் நீரும்

சென்ற ஆண்டு ஐப்பசி மழைக்குச் சற்று முன்னர், எங்கள் பொது மருத்துவத் துறையின் புறநோயாளிகள் பிரிவை ஒட்டிய தாழ்வாரத்தில் ஏழு தொட்டிகளைத் தொங்கவிட்டோம். காத்திருப்போரின் கண்களுக்குச் சிறிது பசுமை கிடைக்கட்டும் என்பதே எங்கள் எண்ணம். அவை அனைத்தும் சரம்போல் தாழ்ந்து வளரும் சதைப்பற்றுச் செடிகள். நான்கு வாரங்கள் கழித்து, கொசுப்புழு ஒழிப்புப் பணிக்கு வந்த ஊழியர் ஒருவர் ஒரு தொட்டியின் அடியில் கவ்வியிருந்த பிளாஸ்டிக் தட்டைக் கழற்றி எங்களிடம் நீட்டினார். அதில் அரைக் குவளை நீர் இருந்தது. நீரில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. உள்ளே காய்ச்சல் வார்டில் டெங்கு நோயாளிகள் படுத்திருக்க, வெளியே கொசு வளர்த்துக்கொண்டிருந்தவர்கள் நாங்களேயாவோம்.

அந்தத் தொட்டியின் செடியும் நலமாக இல்லை. தண்டின் அடிப்பகுதி பழுப்பேறி, தொட்டால் குழையும் நிலையில் அழுகியிருந்தது. செடி வாடுகிறதே என்று எங்களுள் ஒருவர் மாற்றி ஒருவர் நீர் ஊற்றியிருக்கிறோம். அந்த நீரே வேரை அழுகச் செய்தது. வடிந்து தட்டில் தேங்கிக் கொசுவுக்குத் தொட்டிலாகவும் ஆயிற்று.

இச்செடிகளுக்கு ஏன் இத்தனை குறைந்த நீர் போதும் என்பதை விளக்கும் முதல் தடயங்களுள் ஒன்று நம் நாட்டிலேயே கிடைத்தது என்பது பலரும் அறியாதது. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகப் பணியாற்றியவர் பெஞ்சமின் ஹெய்ன். நாம் ரணகள்ளி என்றும், ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும் இலை’ என்றும் அழைக்கும் செடியின் இலையை அவர் வெவ்வேறு பொழுதுகளில் மென்று பார்த்தார். காலையில் நன்கு புளித்த அதே இலை, நண்பகலில் சுவையற்றிருந்தது. இதை விவரிக்கும் அவரது கடிதம் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் 1815-இல் வெளியாயிற்று. காரணம் பிற்காலத்தில் விளங்கியது. இவ்வகைச் செடிகள் பகல் வெயிலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளிழுத்து அமிலமாகச் சேமிக்கின்றன. பகலில் அவ்வமிலத்தைச் செலவழித்து உணவு சமைக்கின்றன. வெயிலில் துளைகளைத் திறக்காததால் நீரிழப்பு மிகக் குறைவு. (ஹெய்ன் செய்ததை வாசகர்கள் செய்துபார்க்க வேண்டாம். ரணகள்ளியில் இதயத் துடிப்பைப் பாதிக்கவல்ல வேதிப்பொருள்கள் உள்ளன. சிறுநீரகக் கல்லுக்கென இதை மென்று வருவோர், குறிப்பாக இதய நோய்க்கு மருந்து உட்கொள்வோர், அதை எங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.)

வேப்பம்பட்டு, திருநின்றவூர், செவ்வாப்பேட்டைப் பகுதிகளிலிருந்து எங்களிடம் வருவோர் பலர் இப்போது மனை வாங்கிக் கட்டிய சிறு வீடுகளிலும் அடுக்ககங்களிலும் வாழ்கின்றனர். தரையில் தோட்டத்துக்கு இடமில்லை. பால்கனிக் கம்பியும் மாடிப்படி வளைவுமே தோட்டம். அங்கே எதைத் தொங்கவிடலாம்? நாற்றங்காலில் கண்ணைப் பறிக்கும் ‘ஸ்டிரிங் ஆஃப் பேர்ல்ஸ்’ என்னும் முத்துச்சரம் தென்னாப்பிரிக்காவின் வறண்ட நிலத்துக்குரியது. நம் ஊரின் ஈரம் மிகுந்த வெக்கையில் அதைக் காப்பது கடினம். எங்களிடம் இருந்த இரண்டும் முதலில் மடிந்தன. வெயில் நேராக விழும் இடத்துக்குப் பத்துமணிப் பூவுக்கு நிகரில்லை. நிழல் கலந்த இடத்துக்கு டர்டில் வைன், ஹோயா. எவரும் எண்ணிப் பார்க்காத ஒன்று பிரண்டை. நாற்கோணத் தண்டு தொட்டியின் விளிம்பைத் தாண்டித் தொங்கும் அழகு எந்த அயல்நாட்டுச் செடிக்கும் குறைந்ததன்று, துவையலுக்கும் ஆகும். நறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். அதிலுள்ள நுண்படிகங்கள் அரிப்பு உண்டாக்கும்.

தொட்டியின் அடியில் துளை இருத்தல் முதன்மையானது. துளையற்ற அழகுத் தொட்டிக்குள் மற்றொன்றைச் செருகி வைப்பது, கண்ணுக்குத் தெரியாத குட்டையை வீட்டில் கட்டுவதற்கு ஒப்பாகும். மண் கலவையில் செம்மண்ணுக்கு இணையான அளவு பருமணலோ உடைத்த செங்கல் துண்டுகளோ சேர வேண்டும்; மக்கிய தொழுவுரம் ஒரு கைப்பிடி போதும். தென்னை நார்க்கழிவு நீரைப் பிடித்துவைப்பது, ஆகவே அதைக் குறைத்துக்கொள்ளலாம். கத்திரி வெயிலில் மேற்குப் பார்த்த பால்கனி இலைகளைக் கருக்கிவிடும். கிழக்கு வெளிச்சமே உகந்தது.

நீர் ஊற்ற நாள் கணக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். தொட்டியை அடியில் கை கொடுத்துத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் ஊற்ற வேண்டாம். இலகுவாகி, இலைகளும் சற்றே சுருங்கத் தொடங்கும்போது, துளை வழியே வடியும்வரை ஒருமுறை நன்றாக ஊற்றி, வடிந்ததைக் கொட்டிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாரல் படாத இடத்துக்கு மாற்றினால், வாரக்கணக்கில் நீரே தேவைப்படாது.

இனி அந்தத் தட்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் தெளிந்த நீரையே விரும்புகிறது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கும். நீரைக் கொட்டினாலும் முட்டைகள் ஒட்டியபடியே இருக்கும். உலர்ந்த நிலையில் பல மாதங்கள் உயிர்தாங்கி, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள்கள் போதும். ஆகையால் கொட்டுவது மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தட்டை நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவிக் காயவைக்க வேண்டும். இயலாதவர்கள் தட்டையே கழற்றி எறிந்துவிடலாம்.

வேறு இரண்டு செய்திகளும் உண்டு. முத்துச்சரத்தின் மணிகள் பச்சைப் பட்டாணியை ஒத்தவை. குழந்தை விழுங்கினால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்படும். அதைவிட எங்களை அஞ்சவைப்பது நாற்காலி. தொங்கும் தொட்டிக்கு நீர் ஊற்ற முக்காலியில் ஏறி வழுக்கிவிழுந்து, இடுப்பெலும்பு முறிந்து வரும் முதியோருக்கு மீண்டும் நடமாட்டம் திரும்பப் பல மாதங்கள் ஆகின்றன. தொட்டியை நெஞ்சளவு உயரத்தில் தொங்கவிடுங்கள். அல்லது கயிறும் கப்பியும் பொருத்தி இறக்கிக்கொள்ளுங்கள்.

இத்தனை கவனத்துக்குப் பின்னும் வீட்டில் எவருக்கேனும் காய்ச்சல் வந்தால், பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் தர வேண்டாம். ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் இரத்தக்கசிவைத் தூண்டக்கூடியவை. டெங்குவில் காய்ச்சல் தணியும் நாளே மிகுந்த கவனத்துக்குரியது. உடல் சூடு குறைந்தபின் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

எங்கள் தாழ்வாரத்தில் இப்போது ஐந்து தொட்டிகள் உள்ளன. எதிலும் தட்டு இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் மட்டுமே தூக்கிப் பார்க்கிறோம். நீர் ஊற்றிய நாளில் தரையில் சொட்டுகிறது என்று துப்புரவுப் பணியாளர் அம்மா எங்களைக் கடிந்துகொள்கிறார். அவர் சொல்வதும் நியாயமே என்பதால், சொட்டு நிற்கும்வரை தொட்டிகளை வெளிப்புறத் தொட்டித் திட்டில் இறக்கிவைக்கிறோம். பிரண்டை மட்டும் இரண்டு முழம் நீண்டு, மருந்தகச் சன்னலைத் தொட்டுவிட்டது.