பச்சை ஹைட்ரஜன்: பேர்தான் புதுசு

ஹைட்ரஜன் எரிஞ்சா தண்ணீர்தான் மிஞ்சும், புகை கிடையாது. இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். ஆனா அதன் வரலாறு முழுக்க கேள்வி வேற: அந்த ஹைட்ரஜனை எங்கிருந்து எடுப்பது? பூமியில் அது பெரும்பாலும் தண்ணீரிலும் மற்ற சேர்மங்களிலும் பிணைஞ்சுதான் கிடக்கிறது. பிரிக்கணும்னா ஆற்றல் செலவழிக்கணும்.

1766-ல் கேவண்டிஷ் உலோகத்தின் மேல் அமிலம் ஊற்றி இந்த வாயுவைப் பிடித்து ஆராய்ந்தார். 1783-ல் பாரிஸில் ஜாக் சார்லஸ் தன் பலூனை நிரப்பியதும் அதே வழியில்தான். அந்தச் சின்ன பலூனுக்கே சுமார் அரை டன் இரும்பு தேவைப்பட்டதாம்! 1800-ல் வோல்டாவின் மின்கலம் பற்றிய செய்தி வந்த சில வாரங்களிலேயே, நிக்கல்சனும் கார்லைலும் லண்டனில் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்துவிட்டார்கள்.

டன் கணக்கில் தேவை வந்தது உரத்தால். 1913-ல் ஜெர்மனியின் ஓப்பாவ்வில் ஹேபர்-பாஷ் முறையில் அமோனியா தயாரிக்கத் தொடங்கினார்கள். அங்கே ஹைட்ரஜன் வந்தது நிலக்கரியிலிருந்து. நிலக்கரி இல்லாமலும் செய்யலாம்னு காட்டியது நார்வே. மலையருவி மின்சாரம் இருந்த வேமோர்க்கில் 1929-ல் மின்பகுப்பு ஆலை வந்தது. இரண்டாம் உலகப்போரில் நாசவேலைக்கு உள்ளான அந்தக் கனநீர், இந்த ஆலையின் உபபொருள்தான். மின்பகுப்பில் சாதாரண நீர் முதலில் பிரியும். கனநீர் பின்தங்கிச் சேரும்.

நம்ம நாட்டிலும் இது நடந்திருக்கு. பஞ்சாபின் நங்கலில் 1961-ல் தொடங்கிய உரத் தொழிற்சாலை பக்ரா அணை மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்தே உரம் செய்தது. அடுத்த வருஷமே பக்கத்தில் கனநீர் ஆலையும் வந்தது. இன்னிக்குப் பச்சை ஹைட்ரஜன்னு சொல்றது இதைத்தான்.

அப்புறம் ஏன் விட்டுட்டாங்க? கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 50 யூனிட் மின்சாரம். ஒரு டன் அமோனியாவில் இருப்பது சுமார் 177 கிலோ ஹைட்ரஜன். ஆக, ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 9,000 யூனிட். வீட்டுக்கும் வயல் மோட்டாருக்கும் கேட்கிற அதே மின்சாரம் இது. நீராவியோடு இயற்கை எரிவாயுவை வினைபுரிய வைத்தால் செலவு ரொம்பக் குறைவு. வேமோர்க் ஆலை 1971-ல் மூடப்பட்டது. நங்கல் எண்ணெய்க்கு மாறி, பிறகு எரிவாயுவுக்கு வந்தது. ஆனா அந்த மலிவுக்கு ஒரு விலை இருக்கு: ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9, 10 கிலோ கரியமில வாயு.

மின்பகுப்பு தோற்றது அறிவியலில் இல்லை, மின்கட்டணத்தில். அதனால அடுத்த முறை ஒரு பச்சை ஹைட்ரஜன் திட்டம் பற்றிப் படிச்சா, எத்தனை டன்னு பார்ப்பதற்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. மின்சாரம் எங்கிருந்து வருது? ஒரு யூனிட் என்ன விலை? அதுக்குப் பதில் இல்லைன்னா, நங்கல் கதை திரும்பவும் நடக்கும்.