முன்னுக்கு பொலிஸ் நிக்கிது

கொழும்பிலிருந்து புறப்பட்டு, இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் என்று மலையும் காடும் கடலும் மாறி மாறிக் கண்ணிற்பட, சுமார் 430 கிலோமீற்றர் தூரம் ஓடி மட்டக்களப்பை அடைகின்ற ஏ-4 நெடுஞ்சாலை, கல்முனையையும் பாண்டிருப்பையும் மருதமுனையையும் கடந்து பெரியநீலாவணைக்குள் பிரவேசிக்கும்போது, தான் ஒரு நெடுஞ்சாலை என்பதையே மறந்துவிடுகிறது. கிழக்கே கடல், மேற்கே வயலும் வாவியும், நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணற்பரப்பில், அம்பாறை மாவட்டத்தின் வட எல்லையில், தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இவ்வூரில், பள்ளிவாசலுக்குப் போகிறவரும் கோவிலுக்குப் போகிறவரும், பாடசாலைக்கு ஓடுகிற பிள்ளையும், மீன் வாங்கப் பையோடு நடக்கிற மூதாட்டியும் இந்த ஒரே வீதியைத்தான் குறுக்கே கடந்தாக வேண்டும். நெடுந்தூர பஸ் சாரதிக்கு இது சீக்கிரமாகக் கடந்துபோக வேண்டிய ஒரு ஸ்தலம். ஊராருக்கோ வீட்டு முற்றத்தின் தொடர்ச்சி. இங்கே நேரும் விபத்துகளுக்குப் பாதிக் காரணம் இந்த அபிப்பிராய பேதமே என்பது என் எண்ணம்.

இந்த வீதியில் ஒரு சம்பிரதாயம் உண்டு. போக்குவரத்துப் பொலிஸார் எங்கேனும் நின்றால், அவர்களைத் தாண்டி வந்தவர்கள் எதிரே வருகிறவர்களுக்கு முன்விளக்கை இரண்டு தடவை மின்னிக் காட்டிவிட்டுப் போவார்கள். முன்பின் அறியாதவருக்கும் செய்யப்படும் இந்தப் பரோபகாரம் இன, மத பேதங்களுக்கு அப்பாற்பட்டது. விளக்கு மின்னியதும், அதுவரை முழங்கையில் பாத்திரம்போலத் தொங்கிக்கொண்டிருந்த தலைக்கவசம் தலைக்கு ஏறும். பொலிஸாரைக் கடந்து நூறு யார் போனதும் மறுபடி முழங்கைக்கு இறங்கிவிடும். “முன்னுக்கு பொலிஸ் நிக்கிது, ஹெல்மெட்டப் போடு மனே” என்று கடை வாசலிலிருந்து ஒரு பெரியவர் வாஞ்சையோடு எச்சரித்ததை நானே கேட்டிருக்கிறேன். அவருடைய அன்பில் சந்தேகமில்லை. ஆனால், அந்த இளைஞனுக்கு நேரவிருக்கும் அபாயம் பொலிஸ் உத்தியோகத்தரின் கையிலுள்ள தண்டப் பத்திரம் ஒன்றே என்று அவர் உண்மையாகவே நம்பினார் என்பதுதான் விசாரத்துக்குரிய விஷயம்.

இலங்கையில் மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டமாக இயற்றப்பட்டது; அதன்பின் எத்தனையோ திருத்தங்கள் வந்துவிட்டன. இருந்தும், இந்தச் சின்னஞ்சிறு தீவின் வீதிகளில் வருஷந்தோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழக்கிறார்கள். சில வருஷங்களில் அத்தொகை மூவாயிரத்தையும் எட்டியிருக்கிறது. இறப்பவர்களில் பெரும்பாலோர் காரில் போகிறவர்கள் அல்லர். மோட்டார் சைக்கிளில் செல்வோரும் கால்நடையாகச் செல்வோருமே. தலைக்கவசம் அணிந்தவருக்கு மரண அபாயம் நூற்றுக்கு 42 பங்கும், தலைக்காயம் நூற்றுக்கு 69 பங்கும் குறைவு என்று பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்த வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். வேகத்தின் கணக்கோ இன்னும் கடுமையானது. ஊர்மனைக்குள் அனுமதிக்கப்பட்ட 50 கிலோமீற்றர் வேகத்தை ஒருவன் 70 ஆக்கினால், அவன் கூட்டியது 20தானே என்று தோன்றும். மோதலின் பலமோ ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடுகிறது. அந்த வேகத்தில், குறுக்கே ஒரு பிள்ளை வருவதைக் கண்டு மூளை காலுக்குக் கட்டளையிட எடுக்கும் ஒரே ஒரு செக்கனில் வண்டி 19 மீற்றர் ஓடியிருக்கும். பிறேக் பிடிப்பது அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

இவற்றையெல்லாம் ஜனங்களுக்கு எடுத்துச் சொல்வதற்கென்றே விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடக்கின்றன. பாடசாலை மண்டபத்தில் பதாகை கட்டி, அதிதிகளை வரவேற்று, பொன்னாடை போர்த்தி, உரைகள் நிகழ்ந்து முடிவதற்குள் பிள்ளைகள் பாதிப் பேர் நித்திரையாகிவிடுகிறார்கள். நான் இதைப் பரிகாசமாகச் சொல்லவில்லை. பேச்சு வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பாடசாலை விடும் வேளையில் ஒரு நாள் வீதியோரம் நின்றிருந்தேன். ஒரு தகப்பனார் மூன்று பிள்ளைகளை ஒரே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் தலையில் கவசம் இருந்தது, வார் மாட்டப்படவில்லை. பெற்றோல் தாங்கியின் மேல் அமர்ந்த கடைக்குட்டியின் தலையில் வெள்ளைத் தொப்பி. பின்னாலிருந்த மூத்தவளின் மடியில், அன்று வீதி ஒழுங்கைப் பற்றி வரைந்து பரிசு பெற்ற சித்திரம் சுருட்டப்பட்டிருந்தது. பிள்ளைக்கு விஷயம் தெரியும். தகப்பனாருக்கும் தெரியும். வீட்டில் இருப்பதோ ஒரே தலைக்கவசம்.

ஆகவே வெள்ளிக்கிழமைக் குத்பாப் பிரசங்கத்தில் கதீப் இதைப் பற்றிச் சொல்வதும், கோவில் உற்சவத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பதும் நல்ல காரியங்களே என்றாலும், நோன்பு கால இரவுகளில் தராவீஹ் தொழுகை முடிந்தபின் வெறிச்சோடிய வீதியில் பந்தயம் ஓடுகிற வாலிபர்களிடம் அந்த அறிவுரை எவ்வளவு தூரம் செல்லும் என்று கேட்கத் தோன்றுகிறது. அங்கே வேண்டியது ஒரு காக்கிச் சட்டை; அதுவும் சரியான இடத்தில், சரியான நேரத்தில்.

பொலிஸாருக்குப் பயிற்சி வேண்டும் என்ற என் பேச்சு இங்கேதான் தொடங்குகிறது. பெரியநீலாவணைக்கென்று இப்போது தனியான பொலிஸ் நிலையம் இருக்கிறது. கல்முனையிலிருந்து ஆள் வரும்வரை காத்திருந்த காலம் போயிற்று. சட்டத்தின் பிரிவுகளை ஓர் உத்தியோகத்தருக்குக் கற்பிப்பது சுலபம். எங்கே நிற்பது என்று கற்பிப்பதே கஷ்டம். வாகனங்களை மறிக்கச் சௌகரியமான மரநிழல் ஒன்று; மனிதர் அடிபடுகிற வளைவு வேறொன்று. சாயம் தேய்ந்துபோன பாதசாரிக் கடவையில் காலை ஏழு மணிக்குக் கையை உயர்த்தி நிற்பவர் அன்றைக்கு ஒரு தண்டப் பத்திரமும் எழுதாமல் திரும்பலாம். எழுதிய பத்திரங்களின் எண்ணிக்கையே அவருடைய திறமைக்கு அளவுகோல் என்றால், அவர் நாளையும் அங்கே நிற்பார் என்று எப்படி எதிர்பார்ப்பது? விபத்து நேர்ந்தபின் எழுதப்படும் குறிப்பிலும் இதே குறை புகுந்துவிடுகிறது. ‘சாரதியின் கவனயீனம்’ என்ற ஒரு சொற்றொடரோடு விசாரணை முற்றுப்பெற்றால், தெருவிளக்கு எரியாததும், கடவையின் கோடு அழிந்திருந்ததும், வீதியோரம் மணல் குவிந்திருந்ததும் ஏட்டில் ஏறா. இன்னுமொன்று: இவ்வூராரிடம் தமிழில் இரண்டு வார்த்தை இதமாகப் பேசத் தெரிந்த உத்தியோகத்தர் அரை மணி நேரத்தில் செய்துவிடுவதை, மொழியறியாதவர் ஒரு மாதத்திலும் செய்துவிட முடியாது. அடிபட்டுக் கிடப்பவரை 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்பியூலன்ஸ் வந்து சேரும்வரை அசைக்காமல் காக்கும் முதலுதவியும் அப்பயிற்சியில் சேர வேண்டியதே. ஓட்டோவில் மடித்துப் போட்டு ஆஸ்பத்திரிக்கு விரைகிற நம் நல்லெண்ணம் சிலரின் முள்ளந்தண்டை முறித்திருக்கிறது.

இடமறிந்து காவல் செய்தால் பலன் உண்டு என்பதற்கு ஓர் உதாரணம்: அக்கரையிலுள்ள தமிழ்நாட்டில் 2016இல் 17,218 பேர் வீதி விபத்துகளில் இறந்தனர். 2019இல் அத்தொகை 10,525 ஆகக் குறைந்தது. அடிக்கடி விபத்து நேரும் இடங்களைத் தேடித் திருத்தியதும், ரோந்து வாகனங்களை நெடுஞ்சாலைகளில் நிறுத்தியதும், 108 அம்பியூலன்ஸ் சேவையை விரைவாக்கியதும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. பிற்காலத்தில் எண்ணிக்கை மீண்டும் ஏறியது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வாகனங்கள் பெருகப் பெருக, நேற்றைய காவல் இன்றைக்குப் போதாமல் போகிறது.

சென்ற அறுவடைக் காலத்தில் ஒரு மாலை, கல்லாற்றிலிருந்து ஓட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தேன். நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று, பின்விளக்கு இல்லாமல், இருட்டோடு இருட்டாக முன்னே ஊர்ந்தது. அதை முந்த முயன்ற எங்கள் சாரதிக்கு எதிரே வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று விளக்கை இரண்டு தடவை மின்னியது. “பொலிஸ் போல” என்று சொல்லி அவர் வேகத்தைக் குறைத்தார். எங்களுக்குப் பின்னால் வந்த பொடியன் அவசர அவசரமாக ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்தான். சற்றுத் தூரம் போனோம். பொலிஸார் எவரும் இல்லை. தார் வீதியின் சூட்டுக்கு வந்து, நடு வீதியிலே, ஏழெட்டுக் கட்டாக்காலி மாடுகள் அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தன.