ஏழு எங்கிருந்து வந்தது?

பட்ட வகுப்பு மாணவர்களோடு நான் நடத்திய கருத்தரங்கில் ஒருவர் கேட்டார்: "பையின் மதிப்பு 22/7 என்று பள்ளியில் கற்றோம். 3.14 அதனினும் நுட்பமானதன்றோ, ஐயா?"

ஆமென்று சொல்ல வாயெடுத்தேன். நல்ல வேளை, கணக்கிட்டுப் பார்த்தோம். பை விகிதமுறா எண். எந்தப் பின்னமும் அதற்குச் சமமாகாது. ஆயினும் 3.14 தரும் பிழை ஏறத்தாழ 0.0016, 22/7 தருவதோ 0.0013. நூறைப் பகுதியாகக் கொண்ட பின்னத்தை ஏழைக் கொண்டது வென்றுவிட்டது!

அந்த ஏழைக் கண்டறியும் வழியை ஜெர்மானிய மேதை டிரிக்லே 1842இல் காட்டினார். பையை 0 முதல் 10 வரையுள்ள எண்களால் பெருக்கி, புள்ளிக்குப் பின்னுள்ளதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சுழியிலிருந்து ஒன்று வரையுள்ள இடத்தைப் பத்துச் சம அறைகளாக்குங்கள். விருந்தினர் பதினொருவர், அறைகளோ பத்து. இருவரேனும் ஓரறையில் தங்கியே தீரவேண்டும். ஒரு மடங்கு 0.1416, எட்டு மடங்கு 0.1327. இதோ, ஓரறைவாசிகள்! எட்டு மடங்கில் ஒரு மடங்கைக் கழித்தால் ஏழு மடங்கு. முழு எண்களில் 25இல் 3 போக 22.

அறைகளைப் பெருக்கப் பெருக்க, புதுப் பின்னங்கள் கிடைத்துக்கொண்டேயிருக்கும். ஒன்றைப் பகுதியின் வர்க்கத்தால் வகுத்தால் வருவதினும் அவற்றின் பிழை சிறிது. எந்த விகிதமுறா எண்ணுக்கும் இது பொருந்தும். சீன அறிஞர் ஸூ சோங்ஷி ஐந்தாம் நூற்றாண்டில் கண்ட 355/113, பையை ஆறு தசம இடம்வரை சரியாகத் தருகிறது.

எல்லா எண்களும் இவ்வளவு இணக்கமானவையல்ல. 3/2, 5/3, 8/5 என்று துரத்தினாலும் பொன் விகிதம் பிடிகொடாது. வர்க்கத்தை ஐந்தின் வர்க்கமூலத்தால் பெருக்கிப் பிழையை அந்த அளவுக்கே குறைக்கலாம். அதற்கு மேல் எல்லா எண்களுக்கும் இயலாதென ஹூர்விட்ஸ் 1891இல் நிறுவினார். தடையாய் நிற்பது அந்தப் பொன் விகிதமே.